மினாவின் கோழிகள் தின்ற ரொட்டி

யகோமினா, எங்கள் மினா, செத்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னமும் யாராவது அவள் பேச்சை எடுத்து, "பாவம், நல்ல பொம்பளை, கடைசியிலதான் கொஞ்சம் துணிஞ்சுட்டா" என்று இழுத்தால் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறுகிறது. துணிந்துவிட்டாளாம்! என்னவோ வங்கியை உடைத்த மாதிரி. அவள் செய்தது இவ்வளவுதான்: தான் துணி துவைத்து, தான் விரித்து, தான் ரொட்டி சுட்டு வைத்த மேசையில் ஒரு நாள் போய் உட்கார்ந்தாள்.

நான் யானா, அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி கிடையாது. அவள் கோழிகள் பாதி நேரம் என் கீரைப் பாத்தியில்தான் மேயும். அதற்காக நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். வேறு எதற்கும் போட்டதாக நினைவில்லை.

எங்களுடையது டச்சுக் கரையோரம் ஸேலாந்தில் கடலணைக்கு உள்பக்கம் ஒட்டிக்கிடக்கிற சிப்பிக்காரர் ஊர். ஆண்கள் சிப்பிப் படகில், பெண்கள் சிப்பிக் கொட்டகையில், ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளையும் எல்லோரும் கோயிலில். ஆண்களுக்குக் கறுப்புக் கோட்டு, பெண்களுக்குத் தொப்பி, பிரசங்கம் நீளும்போது வாயில் போட்டுக்கொள்ள ஆளுக்கு இரண்டு பெப்பர்மின்ட். எங்களுக்கென்று போதகர் இல்லை. சபையை நடத்துகிற மூப்பர்களில் ஒருவர் பழைய பிரசங்கத்தை எடுத்து வாசிப்பார், நாங்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இயேசுவின் நினைவாக மேசையில் ரொட்டியும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிறுகளில் மட்டும் ரோட்டர்டாம் பக்கமிருந்து ஒரு போதகரை வரவழைப்பார்கள்.

மினாவின் புருஷன் லெயின், படகு கவிழ்ந்து போய்விட்டான். அவள் அப்போது சின்னவள், பிள்ளையும் இல்லை. கோயில் சாவியை அவள் கையில் கொடுத்தார்கள். பெருக்குவது, குளிர்காலத்தில் அடுப்பு மூட்டுவது, பெஞ்சுகளைத் துடைப்பது எல்லாம் அவள். திருவிருந்து வந்தால் வேலை இரட்டிப்பாகும். அந்த நீளமான வெள்ளைத் துணியைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட வேண்டும். சனிக்கிழமை ரொட்டி சுட்டு, ஓரத்தை அறுத்து எடுத்துவிட்டு, நடுப்பகுதியை விரல் விரலாக நறுக்கி வெள்ளித் தட்டில் அடுக்க வேண்டும். இருபத்துநாலு நாற்காலி போட வேண்டும்.

அந்த நாற்காலிகளில் எத்தனை பேர் உட்காருவார்கள் என்று நினைக்கிறீர்கள்? நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது ஏழெட்டுப் பேர். பிறகு நாலு. பிறகு கிழவர் இசாக்கும் அவருடைய தங்கை நேலும் மட்டும். கோயில் நிறைய ஜனம், மேசையில் இரண்டு பேர்! தகுதியில்லாமல் தின்கிறவன் தன் தண்டனையைத் தானே தின்கிறான் என்று வேதத்தில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது அல்லவா, எங்கள் ஊர் அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கூப்பிட்டவர் எல்லோரையும்தானே கூப்பிட்டார் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கடவுள் என்னை இன்ன நாளில் இன்ன வசனத்தால் தடுத்து நிறுத்தினார், நரகத்தின் வாசல்வரை காட்டினார், பிறகு தூக்கினார் என்று மூப்பர்களிடம் சொல்ல ஒரு கதை வேண்டும். அவர்கள் அதை நம்பவும் வேண்டும். அந்தக் கதை இல்லாதவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பெப்பர்மின்ட் சப்பிக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம்.

இதில் வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. மூப்பர் யிலிஸ்கூட மேசைக்குப் போனதில்லை. வெங்காயம் பயிரிடுகிற பெரிய விவசாயி, நாற்பது வருஷமாக மூப்பர், மற்றவர்கள் தகுதியை எடை போடுகிற ஆள், தனக்கு இன்னும் அடையாளம் கிடைக்கவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டு மூப்பர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் தாழ்மை. நான் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன், கோயில் சம்பந்தப்பட்ட பேச்சு என்பதால் எழுதவில்லை.

சனிக்கிழமைகளில் மினா ரொட்டி அறுக்கும்போது நான் போய் உட்காருவேன். அறுத்த ஓரங்களில் வெண்ணெய் தடவிக் காப்பியோடு தின்போம்.

"ஓரம் தின்னலாம், நடு தின்னக் கூடாது. எந்த ஊரு நியாயம்டி இது?" என்பேன் நான்.

"வாயை மூடிட்டுத் தின்னு. சுவத்துக்கும் காது இருக்கு."

"மிச்ச நடுவெல்லாம் என்ன பண்றே?"

"என்ன பண்றது? ஞாயித்துக்கிழமை முடிஞ்சா அது வெறும் ரொட்டிதான்னு யிலிஸ் சொல்லிட்டாரு. திங்கக்கிழமை காலையில கோழிக்குப் போட்டுடறேன்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கத்தியை வைத்துவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே பயந்து தொடாத ரொட்டியை அவளுடைய கோழிகள் வருஷத்துக்கு நாலு தடவை கூடையோடு தின்றுவிட்டுக் கொழுத்துத் திரிந்தன. ஒரு கோழிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரு திருவிருந்தில் கிழவர் இசாக்குக்குக் கை நடுங்கிப் பாத்திரம் சரிந்துவிட்டது. வெள்ளைத் துணியில் உள்ளங்கை அகலத்துக்குத் திராட்சரசக் கறை. மினா அதை என்னென்னவோ போட்டுத் தேய்த்தாள். லேசான ரோஜா நிறத்தில் அது நின்றே போய்விட்டது. அதற்குப் பிறகு கறை தெரியாமல் இருக்க அந்த இடத்தில்தான் ரொட்டித் தட்டை வைப்பாள். ஆனாலும் ஊருக்கே அந்தக் கறை தெரியும். மணிக்கணக்காக உட்கார்ந்து அந்த மேசையைப் பார்க்கிறவர்களுக்கு வேறு என்ன வேலை?

மினா மேசைக்குப் போன அந்த வருஷம் இலையுதிர்காலத்தில் மூப்பர்கள் வீடு வீடாக விசாரிக்க வந்தார்கள். வருஷா வருஷம் வருவதுதான், எப்போதும் இரண்டு பேராக. மினா வீட்டுக்கு யிலிஸும் இன்னொருவரும் வந்தபோது நான் அவள் சமையலறையில் காப்பி வடித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்ல விரும்பினால் சொல்லிக்கொள்ளுங்கள்.

"ஆத்துமா எப்படி இருக்கு மினா?" என்றார் யிலிஸ். இது இங்கே வழக்கமான கேள்வி. "இருட்டா இருக்கு மூப்பரே" என்று பெருமூச்சு விட வேண்டும். அவரும் பெருமூச்சு விடுவார், ஜெபம் செய்வார், போய்விடுவார்.

"நல்லா இருக்கு யிலிஸ்" என்றாள் மினா.

கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. விழுந்தது என் கையிலிருந்தா அவர்கள் கையிலிருந்தா என்று சரியாகத் தெரியவில்லை.

"நல்லான்னா?"

"அந்தக் கறையைத் தேச்சுக்கிட்டு இருந்தேன். தேய்க்கிறேன், தேய்க்கிறேன், போகவே மாட்டேங்குது. கை புண்ணாகிப் போச்சு. அப்போ, போதும் விடு மினான்னு யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சு. காதுல இல்ல. உள்ள. அவ்வளவுதான். உக்காந்து அழுதேன். அன்னையிலேர்ந்து பயம் போயிடுச்சு. நான் மேசைக்கு வரணும்."

"எந்த வசனம் வந்துது?"

"வசனம் ஒண்ணும் வரல."

"எத்தனை காலம் நரக பயத்துல கிடந்தே?"

"பொறந்ததுலேர்ந்து கிடந்தேனே, அது போதாதா?"

 யிலிஸ் மெதுவாக, அன்பாகவே சொன்னார். அந்த அன்பைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. "இது ரொம்ப சுலபமா இருக்கும்மா. கொடுக்கப்பட்ட இயேசு வேற, திருடின இயேசு வேற. நீ அவசரப்பட்டுத் திருடிட்டே. காத்திரு. நானும் காத்துக்கிட்டுதான் இருக்கேன்."

திருடியாம்! எத்தனையோ வருஷம் கோயில் சாவியை இடுப்பில் முடிந்து வைத்திருந்தவள், காணிக்கைப் பெட்டியைக் கழுவித் துடைத்தவள், அந்தக் கட்டிடத்திலிருந்து ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவள் திருடி! நான் காப்பிக் கெண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"மூப்பரே, திருட்டுப் போனவர் புகார் கொடுத்தாரா?" என்றேன்.

"யானா, நீ உன் வேலையைப் பாரு."

"காப்பி ஊத்தறதுதான் என் வேலை. கப்பை நீட்டுங்க."

மினா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே அதட்டினாள். நான் ஊற்றினேன். வேண்டுமென்றே சர்க்கரை வைக்கவில்லை.

அதே வருஷம் வசந்தத்தில்தான் இசாக் கிழவர் இறந்திருந்தார். நேல் கிழவி படுத்த படுக்கை. ஆக, மேசைக்கு வர ஊரில் ஒருத்தரும் இல்லை. ஆனால் அடுத்த திருவிருந்துக்குப் போதகருக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது, மேசையை எப்போதும்போலப் போடுங்கள் என்று மூப்பர்கள் முடிவு செய்தார்கள். மினா துணி விரித்தாள். இருபத்துநாலு நாற்காலியையும் போட்டாள். ஒருவரும் உட்காராத மேசைக்கு ஏன் இத்தனை நாற்காலி என்று என் வீட்டுக்காரர் கொம்மர் கேட்டபோது, "வந்தா எங்க உக்காருவாங்க?" என்றாள்.

போதகர் இளைஞர், எங்கள் ஊருக்குப் புதிது. பிரசங்கம் முடித்து மேசைக்கு இறங்கி வந்தார். அழைத்தார். சங்கீதம் பாடினோம். நாங்கள் பாடுகிற வேகத்தில் ஒரு அடி முடிவதற்குள் படகு ஒன்று துறைமுகத்தைவிட்டுக் கிளம்பிப் போய்விடும். முதல் பாட்டு முடிந்தது. யாரும் எழவில்லை. இரண்டாவது பாட்டு. போதகர் காலி நாற்காலிகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பாவம் மறுபடி நாற்காலிகளைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் எங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது கதவோரத்து இருக்கையிலிருந்து மினா எழுந்தாள். அவள் செருப்பு கிறீச்சிடும், எண்ணெய் போடு என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். அந்தக் கிறீச்சு நடுவழியாக முன்னால் போனது. பாட்டு ஒவ்வொரு பெஞ்சாக நின்றுகொண்டே வந்தது. யிலிஸ் மூப்பர் பெஞ்சைவிட்டு இறங்கி மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மினா, போய் உக்காரு. இப்போ வேணாம்" என்றார். கிசுகிசுப்புதான். ஆனால் அந்த நிசப்தத்தில் கடைசி பெஞ்சுவரை கேட்டது.

"எப்போ யிலிஸ்?"

"கர்த்தர் காட்டுவார்."

"மேசை போட்டிருக்கு. இன்னும் என்னத்தைக் காட்டணும்? இந்த ரொட்டி நாளைக்கு என் கோழிக்குப் போகும். இத்தனை வருஷமா போகுது. அதுங்க ஒண்ணும் செத்துப்போகல. நான் கோழிக்கும் கீழயா?"

  போதகர் மூப்பர்களைப் பார்த்தார், அவர்கள் யிலிஸைப் பார்த்தார்கள், யிலிஸ் தரையைப் பார்த்தார். அந்த இளைஞர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இங்க உக்காருங்கம்மா" என்றார்.

அத்தனை நாற்காலிகளுக்கு நடுவில் அவள் ஒருத்தி உட்கார்ந்தாள். ரொட்டியை வாங்கி, மெல்ல மென்று, விழுங்கினாள். பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். தொப்பியைச் சரி செய்துகொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாள். இடி விழவில்லை. கூரைமேல் கடற்பறவைகள் கத்தின, அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது ஊர் எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியது. மரியாதைக்கு இல்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல. நான் அவள் கையைக் கோத்துக்கொண்டு நடந்தேன்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள். பிறகு அணை மேட்டில் ஏறும்போது நின்று, "யானா, எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்குடி" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

செவ்வாய்க்கிழமை மூப்பர்கள் வந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவள் மன்னிப்புக் கேட்கும்வரை மேசைக்கும் வரக் கூடாது, கோயில் வேலையும் கிடையாது என்றார்கள். "தின்னதுக்கு எப்படி மன்னிப்புக் கேக்கறது? நல்லா இருந்துச்சுன்னு சொன்னா, இல்லன்னு பொய் சொல்லச் சொல்றீங்க" என்றாளாம் மினா. அதோடு முடிந்தது. அந்த வேலையை என்னைப் பார்க்கச் சொன்னார்கள். சாவியைக் கடலில் வீசுகிறேன் என்று குதித்தேன். மினாதான் விடவில்லை.

"நீ வாங்கிக்கோ. வேற யாராவது வாங்கினா துணியைக் கொதிக்கிற தண்ணில போட்டு நாசம் பண்ணிடுவாங்க."

"உன்னை வெளியே தள்ளின துணிக்கு நீ கவலைப்படறே!"

"துணி என்ன பண்ணுச்சு?"

ஆக, நான் துவைத்தேன், நான் விரித்தேன், நான் சுட்டேன். உப்பைக் கொஞ்சம் கூட்டினேன். அந்தப் போதகரை மறுபடி கூப்பிடவே இல்லை, வேறு யார் யாரோ வந்தார்கள். ஒவ்வொரு திருவிருந்துக்கும் மினா வந்தாள். கதவோரத்தில், மடியில் கையை வைத்துக்கொண்டு, காலி மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி வரக் கூடாது, மற்றவர்கள் வர மாட்டார்கள். கடவுள் வீட்டு விருந்தை இதைவிடக் கேவலமாக யாரால் நடத்த முடியும்? திங்கட்கிழமை காலை கூடையை அவள் கொல்லைக்குக் கொண்டுபோவேன். இரண்டு பேரும் நின்று கோழிகளுக்குப் போடுவோம். அவள் ஒரு துண்டுகூட எடுத்து வாயில் வைத்துக்கொண்டதில்லை. "இங்க இல்ல. அங்கதான்" என்பாள்.

அவள் கோழிக்கூட்டுப் பக்கத்திலேயே விழுந்து செத்தாள். இருதயம். நான்தான் பார்த்தேன். தீனிக் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது, கோழிகள் அவளைச் சுற்றிப் பொறுக்கிக்கொண்டிருந்தன.

கல்லறையில் பேசியவர் யிலிஸ். "இவளுடைய முடிவைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. தன் துணிச்சலைவிட்டுத் திரும்பியதாக நாம் காணவில்லை. நிற்கிறவர்கள் எச்சரிக்கையாக இருக்கட்டும்" என்றார். பெட்டி இன்னும் குழிக்குள் முழுசாக இறங்கவில்லை, அதற்குள் எச்சரிக்கை! எங்கள் ஊரில் கல்லறையில் பெண்கள் பேசுவதில்லை. நான் பேசவில்லை. கோயிலுக்குப் பின்னாலிருக்கிற கூடத்தில் எல்லோருக்கும் காப்பியும் பன்றிக்கறி ஹாம் வைத்த ரொட்டியும் தயார் செய்ய வேண்டியிருந்தது, வேகமாக நடந்தேன்.

கூடத்து மேசைகளுக்கு என்று ஒரு ரப்பர் விரிப்பு உண்டு. அதை எடுக்கப் போனவள் எடுக்கவில்லை. கோயில் அலமாரியைத் திறந்து அந்த வெள்ளைத் துணியை எடுத்து வந்து விரித்தேன். பக்தியில் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சுத்தமான கோபத்தில் செய்தேன். நாற்காலி பற்றவில்லை என்று கொம்மர் திருவிருந்து நாற்காலிகளையும் உள்ளேயிருந்து தூக்கிவந்து போட்டார். கறை இருந்த இடத்தில் ஒரு தட்டை வைத்தேன். "நீங்க இங்க உக்காருங்க மூப்பரே" என்று யிலிஸை அந்தத் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்தேன்.

காற்றில் நின்றுவிட்டு வந்த பசி. எல்லோரும் உட்கார்ந்து தின்றார்கள். ரொட்டி நல்லா இருக்கே என்றார்கள். மினாவை யாரும் பேசவில்லை, சிப்பி விலையைப் பேசினார்கள். யிலிஸ் ஒரு ரொட்டியை எடுத்துப் பாதி கடித்து, மென்று விழுங்கிவிட்டு, காப்பிக்கு இடம் பண்ணத் தட்டை நகர்த்தினார். கையில் பாதி ரொட்டி அப்படியே நின்றது.

பேச்சு அந்த மூலையிலிருந்து அடங்கத் தொடங்கியது. ஒவ்வொருவராக மேசையைக் குனிந்து பார்த்தார்கள். கொம்மர் மட்டும் ஒன்றும் கவனிக்காமல், "ஹாம் ஜோரா இருக்கு" என்றார்.

"யார் சொல்லி இதை விரிச்சே யானா?" என்றார் யிலிஸ்.

"யாரும் சொல்லல. பாதி உள்ள போயிடுச்சே மூப்பரே, ஒண்ணும் ஆகலையே?"

அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. எழுந்து போவார், துணியை இழுப்பார், என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நாலு வார்த்தை கெட்டியாகத் திருப்பிக் கொடுக்க நாக்கு நுனியில் வைத்திருந்தேன். அவர் கட்டைவிரலால் அந்தக் கறையை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் காத்திருந்த கிழவர். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தாடையில் நின்றது. பிறகு மிச்சப் பாதியை எடுத்து வாயில் வைத்து மென்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தன்னை முழுசாக வெறுக்கக்கூட விடமாட்டேன் என்கிறாரே மனுஷன்!

"மினா இருந்திருக்கணும்" என்றார் விழுங்கிவிட்டு.

"இருந்தாளே. நீங்கதான் எழுப்பி விட்டீங்க."

 மற்றவர்கள் ஒரு நிமிஷம் பார்த்தார்கள். பிறகு யாரோ கை நீட்டினார்கள், பிறகு இன்னொருவர். இருபத்துநாலு நாற்காலியும் நிறைந்திருந்தது. முப்பது வருஷம் அதை விரித்தவள் வெளியே மண்ணுக்குள் இருந்தாள்.

சாயங்காலம் கூடையை எடுத்துப் பார்த்தேன், ஒரு துண்டுகூட மிச்சமில்லை. மினாவின் கோழிகளுக்கு அன்று சோளம்தான் போட்டேன்.